நிர்ப்பந்தத்தின் எல்லை எது? விலங்குறுப்பு மாற்றின் வரலாறும் ஃபிக்ஹ் கற்றுத்தரும் பாடமும்



2022ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் 57 வயது நோயாளி ஒருவருக்கு மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அந்த ஆய்வுத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் கராச்சியில் பிறந்த முஸ்லிம் மருத்துவரான முஹம்மது முஹ்யித்தீன். செய்தி வந்தது முதல் நம் மக்களிடையே ஒரு கேள்வி ஓயாமல் எழுந்து வருகிறது: “பன்றி ஹராமாயிற்றே, அதன் உறுப்பை ஒரு முஸ்லிம் தன் உடலில் ஏற்கலாமா?” அந்த மருத்துவரின் வீட்டிலும் இதே கேள்வி எழுந்ததாகவும், மார்க்க அறிஞர்களிடம் தாம் விளக்கம் கேட்டதாகவும் அவரே பேட்டிகளில் கூறியுள்ளார்.

கேள்வி நியாயமானது. ஆயினும் “அது பன்றியா?” என்பது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வியே தவிர, முடிவான கேள்வியன்று. நம் ஃபுகஹாக்கள் இந்த விஷயத்தில் வேறு சில கேள்விகளையும் கேட்டார்கள். அவற்றைக் கேட்காமல் விட்டதனால் நேர்ந்தவை மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது ஃபத்வா அன்று. ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு.

எலும்பைப் பற்றிய பழைய பாடம்

உடலில் அந்நியப் பொருளைப் பொருத்துவது பற்றிய பேச்சு இஸ்லாமிய வரலாற்றில் புதிதன்று. அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு, குலாப் எனும் போரில் துண்டிக்கப்பட்டிருந்தது. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து அணிந்தார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அப்படியிருந்தும் இங்கே அனுமதி கிடைத்தது. வெள்ளி முதலில் முயன்று பார்க்கப்பட்டது என்பதையும், அது பயன்படாமற்போன பின்னரே தங்கத்திற்கு வழி திறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து, எலும்பு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்தார்கள். ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை முதலிய பிராணிகளின் எலும்பைக் கொண்டு சிகிச்சை செய்வதில் குற்றமில்லை என்றும், பன்றியின் எலும்பும் மனிதனின் எலும்பும் அதற்கு விலக்கு என்றும் அவர்கள் கருதியதாக ஃபத்வா ஆலம்கீரி எடுத்தெழுதுகிறது.

பன்றியும் மனிதனும் இங்கே ஒரே வரியில் நிற்பதைப் பாருங்கள். விலக்கு ஒன்று, காரணங்களோ நேரெதிரானவை. பன்றி விலக்கப்பட்டது அதன் அசுத்தத்தினால். மனிதன் விலக்கப்பட்டது அவனுடைய கண்ணியத்தினால். இந்த இரண்டு காரணங்களையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இவை தேவைப்படும்.

ஷாஃபிஈ மத்ஹபின் பாடத்தையும் பார்ப்போம். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், தொழுகையின் நிபந்தனைகளைப் பேசுமிடத்தில் இதை எடுத்துக்கொள்கிறது. தூய்மையான எலும்பு கிடைக்காத நிலையில் ஒருவர் தம் முறிந்த எலும்பை நஜீஸான எலும்பால் இணைத்துக்கொண்டால் அவர் மன்னிக்கப்பட்டவர். தூய்மையானது கிடைத்தும் நஜீஸானதைப் பயன்படுத்தியிருந்தால், வெளிப்படையான தீங்கு அஞ்சப்படாத வரை அதை அகற்ற வேண்டும். “அப்படிப்பட்டவரின் தொழுகை என்னவாகும்?” என்று இன்று மாணவர்கள் கேட்கும் ஐயத்திற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. அந்த விடை ஒரே நிபந்தனையின் மீது நிற்கிறது: தூய்மையானது கிடைக்கவில்லையா?

ஆட்டுக்குட்டியின் இரத்தம் முதல் அசாம் வரை

ஃபத்வா ஆலம்கீரி இந்தியாவில் தொகுக்கப்பட்ட அதே பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பாவில் வேறொரு முயற்சி தொடங்கியது. 1667 ஜூன் மாதம், பாரிஸில் ழான் பாப்டிஸ்ட் டெனி எனும் மருத்துவர் காய்ச்சலுற்ற 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். பின்னர் கன்றின் இரத்தம் செலுத்தப்பட்ட வேறொரு நோயாளி இறந்தார். வழக்கு நடந்தது, மருத்துவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் இரத்தம் செலுத்தும் முறையே நெடுங்காலம் கைவிடப்பட்டது. ஆட்டின் இரத்தம் சாந்தமானது, ஆகவே மனநிலையைத் தணிக்கும் என்பது போன்ற அன்றைய நம்பிக்கைகளே அந்தச் சிகிச்சைக்கு அடிப்படையாக இருந்தன. பலன் தரும் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை.

1906இல் பிரான்சின் லியோன் நகரில் மத்தியூ ஜபூலே எனும் அறுவை மருத்துவர், சிறுநீரகம் செயலிழந்த இருவருக்கு முறையே பன்றியின் சிறுநீரகத்தையும் ஆட்டின் சிறுநீரகத்தையும் கை இரத்தக் குழாய்களுடன் இணைத்துப் பார்த்தார். இரண்டும் நிலைக்கவில்லை. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் கலையை வளர்த்தமைக்காக 1912இல் அலெக்சிஸ் காரெல் நோபல் பரிசு பெற்றார். தையல் கைகூடிவிட்டது, ஆனால் வேற்று உடலின் உறுப்பை உடல் ஏன் நிராகரிக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1920களில் செர்ஜ் வோரோனோஃப் என்பவர், இளமையை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் குரங்கின் விரைத் திசுக்களை வசதி படைத்த ஆண்களுக்குப் பொருத்தினார். அது உயிர் காக்கும் தேவையுமன்று, பலனும் தரவில்லை.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மரே, ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். எனினும் எல்லோருக்கும் இரட்டையர் இருப்பதில்லையே! 1963, 1964ஆம் ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கீத் ரீம்ட்ஸ்மா, 13 நோயாளிகளுக்குச் சிம்பன்சிக் குரங்கின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தனர். பள்ளி ஆசிரியையான ஒரு பெண் மட்டும் ஒன்பது மாதங்கள் உயிர் வாழ்ந்தார். நீடித்த டயாலிசிஸ் பரவலாகக் கிடைக்காத, இறந்தவரின் உறுப்பைப் பெறும் ஏற்பாடும் இல்லாத காலம் அது. வேறு வழியில்லை என்ற வாதத்திற்கு அன்று பொருள் இருந்தது.

1964 ஜனவரியில் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி, நினைவற்ற நிலையில் இருந்த ஒரு நோயாளிக்குச் சிம்பன்சியின் இதயத்தைப் பொருத்தினார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அந்த இதயம் நின்றுவிட்டது. உறவினர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தில் விலங்கின் இதயம் என்ற பேச்சே இல்லை. 1984 அக்டோபர் 26ஆம் நாள் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில், இதயக் குறையுடன் பிறந்த ஒரு பெண் சிசுவுக்குப் பபூன் குரங்கின் இதயம் வைக்கப்பட்டது. நவம்பர் 15ஆம் நாள் அக்குழந்தை இறந்தது. மனித இதயம் கிடைக்குமா என்று முதலில் ஏன் தேடவில்லை என அந்நாட்டு மருத்துவர்களே கேட்டனர்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1997 ஜனவரியில், குவாஹாட்டிக்கு அருகிலுள்ள சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பருவா, 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரல்களையும் பொருத்தினார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் மருத்துவர் கைதாகி 40 நாட்கள் சிறையிலிருந்தார்.

இந்நிகழ்வுகளை வரிசையாகப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஆடு, கன்று, குரங்கு, பன்றி என விலங்குகள் மாறின. தவறிய இடங்களோ மாறவில்லை. தேவை உண்மையானதா? மாற்று வழி தேடப்பட்டதா? பலன் கிடைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்ததா? நோயாளி அறிந்து சம்மதித்தாரா? இந்நான்கில் ஏதேனும் ஒன்றாவது பெரும்பாலும் விடுபட்டிருந்தது. ஆட்டின் இரத்தத்தைச் செலுத்திய மருத்துவரிடம் நஜீஸ் பற்றி மட்டும் கேட்டிருந்தால், உயிருக்கு நேரவிருந்த தீங்கு கண்ணில் பட்டிருக்காது.

ஏன் பன்றி?

“ஹலாலான ஆட்டையோ மாட்டையோ பயன்படுத்தக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவர்கள் பன்றியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உள்ளன. அதன் இதயமும் சிறுநீரகமும் அளவிலும் செயலிலும் மனித உறுப்புகளை ஒத்தவை. அது விரைவில் வளர்கிறது. ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனுகிறது. மரபணு மாற்றம் செய்யும் நுட்பமும் அதில் நன்கு கைவந்துள்ளது. குரங்குகளோ மனிதனுக்கு மிக நெருக்கமானவையாதலால் அவற்றின் கிருமிகள் மனிதனிடம் எளிதில் தொற்றக்கூடும்.

பன்றியிலும் இரண்டு தடைகள் இருந்தன. அதன் இரத்தக் குழாய்ச் சுவர்களில் ஆல்ஃபா கால் எனும் சர்க்கரை மூலக்கூறு உண்டு. மனித இரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே நிறைந்திருப்பதால், பொருத்திய உறுப்பு சில நிமிடங்களில், அல்லது சில மணி நேரத்தில் கறுத்து அழிந்துவிடும். இரண்டாவது, பன்றியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே உறைந்திருக்கும் வைரஸ்கள். அவை ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்களைத் தொற்ற வல்லவை என 1997இல் கண்டறியப்பட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபா கால் மூலக்கூறு இல்லாத பன்றிகள் உருவாக்கப்பட்டன. பின்னர் வந்த கிரிஸ்பர் எனும் மரபணுத் திருத்த முறை வேலையை எளிதாக்கியது. 2022இல் பொருத்தப்பட்ட இதயத்தில் பத்து மரபணு மாற்றங்கள் இருந்தன: நான்கு பன்றி மரபணுக்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன; ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. அந்த நோயாளிக்கு மனித இதயமும் மறுக்கப்பட்டிருந்தது. செயற்கைக் கருவியும் பொருந்தவில்லை. அவர் முழு நினைவுடன் சம்மதம் தெரிவித்தார். இரண்டு மாதங்கள் வாழ்ந்து மார்ச் 8ஆம் நாள் இறந்தார். பன்றியைத் தாக்கும் ஒரு வைரஸின் தடயம் அந்த இதயத்தில் பின்னர் கண்டறியப்பட்டது.

2024 மார்ச்சில் பாஸ்டனில் 62 வயதினர் ஒருவருக்கு 69 மரபணு மாற்றங்கள் கொண்ட பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது; அவர் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் இறந்தார். 2025 ஜனவரியில் அதே மருத்துவமனையில் வேறொருவருக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகம் 271 நாட்கள் இயங்கிய பின் அகற்றப்பட்டது. நிமிடங்களில் அழிந்த உறுப்பு மாதக்கணக்கில் இயங்குவது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அது இன்னும் நிலையான சிகிச்சை ஆகிவிடவில்லை.

ஃபத்வாக்களின் வரலாறு

அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் பன்றி இறைச்சியைத் தடுத்த கையோடு, வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பதையும் உணர்த்துகிறது. இதிலிருந்தும் இது போன்ற ஆதாரங்களிலிருந்தும் ஃபுகஹாக்கள் இரண்டு விதிகளைப் பெற்றார்கள். நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும். ஆனால் அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டாது. உஸ்மானியப் பேரரசு 1876இல் நிறைவு செய்த மஜல்லா சட்டத் தொகுப்பில் இவை 21, 22ஆம் பிரிவுகளாக அடுத்தடுத்து இடம்பெற்றன. முதலாவதை நாம் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

மக்காவில் இயங்கும் ராபித்தாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 1985இல் உறுப்பு மாற்றைப் பற்றித் தீர்மானித்தபோது, உண்ண ஆகுமான, முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியின் உறுப்பைப் பொதுவாகவும், ஏனைய பிராணிகளின் உறுப்பை நிர்ப்பந்தத்தின்போதும் பொருத்தலாம் என்றது. 1989இல் இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி டெல்லியில் நடத்திய முதல் கருத்தரங்கும் ஏறக்குறைய இதே வழியில் சென்றது. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து இருந்து, ஆகுமான மாற்றும் கிடைக்காவிட்டால் ஹராமான பிராணியின் உறுப்பு அனுமதிக்கப்படும். அத்தகைய ஆபத்து இல்லையென்றால் பன்றியின் உறுப்புக்கு அனுமதியில்லை.

அளவைத் தாண்டாமை என்பதற்கு இன்சுலின் நல்ல எடுத்துக்காட்டு. பல பத்தாண்டுகள் இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்துமே எடுக்கப்பட்டது. 1982இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பின்னர் எங்கும் பரவியது. அன்று பன்றி இன்சுலினைத் தாங்கிப் பிடித்த நிர்ப்பந்தம் இன்று பெரும்பாலோருக்கு இல்லை. இதய வால்வும் அப்படியே. பன்றியின் வால்வு 1965 முதல் மனிதருக்குப் பொருத்தப்படுகிறது. இன்று மாட்டின் இதய உறையிலிருந்து செய்யப்படும் வால்வும், உலோக வால்வும் கிடைக்கின்றன. எனவே வால்வு மாற்ற வேண்டியவர், இவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதே முறை. மருத்துவர் பன்றி வால்வுதான் தேவை என்றால் அதற்கான காரணத்தை அறிந்து ஆலிமிடம் செல்லலாம்.

தூய்மையானது கிடைக்கவில்லையா?

இப்போது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நிபந்தனைக்குத் திரும்புவோம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குத் தூய்மையான மாற்று எது? மனிதனின் சிறுநீரகமே. ஆதமுடைய மக்களின் உடல் நஜீஸ் அன்று, அது கண்ணியத்திற்குரியது. ஷைபானீ (ரஹ்) அவர்களின் வரியில் இருந்த இரண்டு காரணங்களும் இங்கேதான் நேருக்கு நேர் சந்திக்கின்றன.

இந்த இடத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்துடைய நபிமொழியையும், மனிதக் கண்ணியத்தையும் முன்வைத்து மனித உறுப்பு மாற்றைத் தடுத்தவர்கள் உண்டு. 1989 டெல்லிக் கருத்தரங்கு, உறவினருக்கு உயிருடன் இருக்கும்போது ஒரு சிறுநீரகத்தை விலையின்றித் தருவதை அனுமதித்தது. மரணத்திற்குப் பின் உறுப்பை எடுக்குமாறு செய்யும் வஸிய்யத்தை ஏற்கவில்லை. மாறாக, மக்காவின் 1985ஆம் ஆண்டுத் தீர்மானமும், ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் 1988ஆம் ஆண்டுத் தீர்மானமும், உரிய ஒப்புதலுடன் இறந்தவரின் உறுப்பைப் பெற அனுமதித்தன. உறுப்பை விற்பதை இவை அனுமதிக்கவில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்தவர் உறுப்புக் கொடை என்னும் வாயிலை மூடி வைத்தால், “மாற்று வழி இல்லை” என்ற நிலை விரைவில் வந்துவிடும். பன்றியின் உறுப்பை நோக்கிய நிர்ப்பந்தமும் விரைவில் வரும். அந்த வாயிலைத் திறந்தால் நிர்ப்பந்தம் தள்ளிப்போகும். ஆக, பன்றியைப் பற்றிய கேள்விக்கான விடையில் பாதி, மனிதனைப் பற்றிய கேள்வியில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உறுப்புக்காகக் காத்திருக்கின்றனர். தமிழ்நாட்டில் 2008 முதல் இறந்தவர் உறுப்புக் கொடைத் திட்டம் அரசின் மேற்பார்வையில் நடைபெறுகிறது. டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் இரண்டு மூன்று முறை அமரும் நம் சகோதரர்களும் அந்தக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள். பெற்றுக்கொள்ளப் பட்டியலில் பெயர் கொடுக்கும் ஒரு சமுதாயம், கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசாதிருப்பது நீதியாகுமா? இதை நம் உலமாக்கள் அமர்ந்து பேசி, தெளிவான வழிகாட்டுதலை மக்களுக்குத் தர வேண்டும். ஜமாஅத்துகள் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உறுப்புக்காகவே மூடிய கட்டடங்களில் வளர்க்கப்படும் விலங்கும் அல்லாஹ்வின் படைப்பே. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரையும் பற்றிய நபிமொழிகள் நமக்குத் தெரியும். அவற்றில் நாயின் ஹராம் ஹலால் பேசப்படவில்லை. அதன் தாகமே பேசப்பட்டது. பன்றியை உண்ண மாட்டோம் என்பது, அதனை எப்படியும் நடத்தலாம் என்பதற்கு உரிமம் ஆகாது.

2025இல் பன்றிச் சிறுநீரகத்தை முறையான மருத்துவ ஆய்வுகளில் பரிசோதிக்க அமெரிக்கா அனுமதி அளித்தது. சில ஆண்டுகளில் இக்கேள்வி நம் ஊர் மருத்துவமனைகளின் வாயிலுக்கும் வரலாம். அன்று ஒரு குடும்பம் ஆலிமிடம் வந்து நிற்கும்போது, ஹராமா ஹலாலா என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எதிர்பார்த்து வரக் கூடாது. உயிருக்கு ஆபத்து உண்மையா, வேறு வழிகள் தேடப்பட்டனவா, பலன் கிடைக்கும் என்று நம்பகமான மருத்துவர்கள் சொல்கிறார்களா, நோயாளி அறிந்து சம்மதித்தாரா என்ற நான்கிற்கும் விடையோடு வர வேண்டும். அவ்விடைகளே ஃபத்வாவின் பாதி.

அல்லாஹ் நோயுற்றவர்களுக்குப் பூரண நலத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும், நம் உலமாக்களுக்குத் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.